தண்ணீரா, மூடியா, மணலா? தீ பற்றிய வாசகர் கேள்வி பதில்

கோடைக்கு முன்பே தீ பற்றிய கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் இருந்தால் தீ பிடிக்கும் என்று படித்தோம். என் மர மேசையைச் சுற்றிக் காற்று இருக்கிறது, சித்திரை வெயிலும் இருக்கிறது. பிறகு ஏன் எரியவில்லை?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

நல்ல குறும்பான கேள்வி. வெயிலின் 40 டிகிரி மேசைக்குப் போதாது. மரம் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் அதன் நார்ப்பொருள் சிதைந்து ஆவியாக வெளியே வரும். சுவாலையாக எரிவது அந்த ஆவிதான், மரம் அல்ல. ஆவி தீர்ந்த பிறகு மிஞ்சும் கரி சுவாலை விடாமல் கங்காகக் கனலும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்தியை ஐந்து நிமிடம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை மேலே போகும். எரியும் தீக்குச்சியைத் திரிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே, அந்தப் புகைக்குள் காட்டுங்கள். சுவாலை புகை வழியாகக் கீழே பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகை குளிர்ந்து துளித்துளியான மெழுகு ஆவி. கற்பூரமும் இப்படித்தான். உருகி ஓடாமல் நேராக ஆவியாகி எரிவதால்தான் தட்டில் சாம்பல் மிஞ்சுவதில்லை.

திரவங்களிலும் இதே கணக்கு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் திறந்து வைத்த பெட்ரோல் கேனைச் சுற்றி எப்போதும் ஆவி நிற்கிறது, பொறி ஒன்றுதான் பாக்கி. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். திரி இல்லாமல் அது எளிதில் பற்றாததற்கு அதுவே காரணம். (இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

மூன்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. சுவாலைக்குள் மூலக்கூறுகள் உடைந்து, உடைந்த துண்டுகள் அடுத்த மூலக்கூறுகளை உடைக்கும் தொடர்வினை. ஆக, தீயை அணைக்க நான்கு வழிகள்: சூட்டை இறக்குவது, காற்றை அடைப்பது, எரிபொருளை நிறுத்துவது, தொடர்வினையை அறுப்பது. எரிவது எது என்று பார்த்த பிறகுதான் இந்த நான்கில் ஒன்றை எடுக்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியிலேயே இருக்கிறது.

முறுக்கு சுடும்போது வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பதற்றத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றப் போனேன், மாமியார் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
— வாசகி, திருப்பூர்

உங்கள் மாமியாருக்கு முதலில் எங்கள் வணக்கம்.

சமையல் எண்ணெய் 340 முதல் 370 டிகிரியில், வெளியிலிருந்து நெருப்புப் படாமலே தானாகப் பற்றும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் ஊற்றியதும் அடியில் போய் உட்காரும். அங்கே சூடு 350 டிகிரி, தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி. கண் இமைக்கும் நேரத்தில் அது நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 200 மில்லி டம்ளர் ஒன்று 340 லிட்டர். அந்த நீராவி தனக்கு மேலே இருக்கும் எரியும் எண்ணெயைப் பொடித்துளிகளாகத் தூக்கி வீசும். ஒவ்வொரு துளியையும் சுற்றிக் காற்று இருப்பதால் எல்லாம் ஒரே நொடியில் எரியும். வாணலி அளவில் இருந்த தீ கூரையைத் தொடும் தூணாகும். சொம்பு பிடித்த கை அந்தத் தூணுக்குள் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. தீயின் குறுக்கே கை நீட்டாமல் அடுப்புக் குமிழை எட்ட முடிந்தால் மூடுங்கள். எட்டாவிட்டால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். வாணலியைவிடப் பெரிய, தட்டையான உலோக மூடி அல்லது தாம்பாளத்தை எடுத்து, மேலிருந்து போடாமல் உங்கள் பக்க விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூடுங்கள். அப்போது சுவாலை உங்களுக்கு எதிர்த்திசையில் ஒதுங்கும். கண்ணாடி மூடி வேண்டாம், சூட்டில் வெடிக்கும். மூடிய பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள்: அணைந்துவிட்டதா என்று இரண்டு நிமிடத்தில் திறந்து பார்க்கிறார்கள். எண்ணெய் இன்னும் 340க்கு மேலேயே இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள்.

வாணலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவது தண்ணீர் ஊற்றுவதற்கு அடுத்த பெரிய ஆபத்து. நடக்கும்போது சுவாலை உங்கள் பக்கம் சாயும், எண்ணெய் தளும்பும், கை சுட்டதும் கீழே போடுவீர்கள். மைதாவோ அரிசி மாவோ அள்ளிப் போடவும் கூடாது. காற்றில் பறக்கும் மாவு பளீரென்று எரியும். சமையல் சோடா சின்னத் தீக்குச் சரி. வாணலி நிறைய எண்ணெய் எரியும்போது வீட்டு டப்பாவில் இருக்கும் சோடா போதாது.

மூடி கிடைக்காவிட்டால் பருத்தித் துண்டை நனைத்து, சொட்டுச் சொட்டாக நீர் விழாதபடி நன்றாகப் பிழிந்து போர்த்தலாம். கண்ணாடி இழையால் ஆன தீப்போர்வை விற்கிறார்கள். 1.2 மீட்டர் சதுரம் வீட்டுக்குப் போதும். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் அது தீக்குப் பின்னால் இருக்கும்.

ஹோட்டல் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கொப்பரை எண்ணெய்த் தீக்குப் பவுடர் தீயணைப்பான் நம்பகமானது அல்ல. சுவாலையை அடக்கும், எண்ணெயின் சூட்டை இறக்காது. பவுடர் அடங்கியதும் மறுபடி பற்றும், கிட்டத்தில் நின்று அடித்தால் எண்ணெயே சிதறும். பொட்டாசியம் உப்புக் கரைசல் நிரப்பிய சமையலறைத் தீயணைப்பான்கள் தனியாகக் கிடைக்கின்றன. அந்தக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாக மாறி மேலே படலம் கட்டும், சூட்டையும் இறக்கும். அதோடு புகைபோக்கிக் குழாயில் படியும் பிசுக்கை மாதம் தவறாமல் சுரண்டுங்கள். கொப்பரையில் அணைந்த தீ குழாய்க்குள் ஏறியிருந்தால் மாடியில் போய்த்தான் தெரியும்.

இரவில் கேஸ் வாசனை வந்தால் முதலில் எதைச் செய்வது? சிலிண்டர் வாயிலேயே தீ எரிந்தால் அது உடனே வெடித்துவிடுமா?
— வாசகர், கும்பகோணம்

இரண்டும் வெவ்வேறு நிலைமைகள். தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

வாசனை மட்டும் வருகிறது, தீ இல்லை: சுவிட்சைத் தொடாதீர்கள். போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. இரண்டிலும் உள்ளே பொறி உண்டு. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். எரியும் பூஜை விளக்கு, ஊதுபத்தி இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டர் குமிழை மூடி, கழற்றி, நைலான் கயிற்றில் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின் மேல் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அந்த மூடியைப் பிய்த்து எறிந்த வீடுகளே அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும், அடுத்த சிலிண்டரிலிருந்தாவது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். போன் பேசுவது வெளியே வந்த பிறகு. கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101 அல்லது 112.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படரும். ஆகையால் உயரத்தில் உள்ள ஜன்னலைவிடத் தரையோடு திறக்கும் கதவே அதிகம் உதவும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றும். 8க்கு 10 அடி, 10 அடி உயரமுள்ள சமையலறையில் சீராகக் கலந்தால் அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் தேவை. ஆனால் சீராகக் கலப்பதில்லையே! தரையில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்பதற்கு அதில் கொஞ்சமே போதும். கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். சளிபிடித்த மூக்கை நம்பாதீர்கள்.

வாயிலேயே தீ எரிகிறது: சிலிண்டருக்குள் கேஸ் மட்டும்தான் இருக்கிறது, காற்று இல்லை. தீ உள்ளே நுழைந்து வெடிக்கும் என்பது வீண் பயம். வெடிப்பு வருவது வேறு வழியில். வெளியே எரியும் தீ சிலிண்டரின் பக்கவாட்டைத் தொடர்ந்து சுட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். திரவம் படாத மேல்பகுதி இரும்பு சூட்டில் இளகிக் கிழியும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில்தான் நீங்கள் ஏதாவது செய்ய முடியும். கோணிச் சாக்கு அல்லது கனமான பருத்தித் துணியை நன்றாக நனைத்து, முன்னால் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு நெருங்கி, வால்வின் மேல் போர்த்தி, அதே வேகத்தில் ரெகுலேட்டரை மூடுங்கள். மூட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். சுவாலையை அணைத்துவிட்டுக் கேஸை நிறுத்த முடியாமல் போனால், கண்ணுக்குத் தெரிந்த தீக்குப் பதில் அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கேஸ் நிற்கும். அது எரிவதைவிட மோசம். மூட முடியாத தீயை எரியவிட்டு வெளியேறுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் சிலிண்டரின் உடம்பின் மேல் தண்ணீரைப் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள்.

சிலிண்டரைப் படுக்க வைத்து உபயோகிக்கக் கூடாது, திரவமாகவே வெளியே வரும். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், தேதி குழாயிலேயே அச்சாகியிருக்கும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை தடவுங்கள், குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குத் தீயணைப்பான் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடையில் நான்கைந்து வகை காட்டுகிறார்கள். எது வாங்க?
— வாசகர், மதுரை

ஏபிசி பவுடர், ஐஎஸ்ஐ முத்திரையுடன், 2 கிலோ. இடமும் காசும் இருந்தால் 4 கிலோ. 2 கிலோ ஏறக்குறைய 8 முதல் 10 விநாடியில் காலியாகிவிடும். இதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுவார்கள், சினிமாவில் நிமிடக் கணக்கில் பீய்ச்சுவார்கள். பத்து விநாடியில் அணையாத தீ உங்கள் தீ அல்ல, 101க்கு உரியது.

உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பின் பொடி. சுவாலைக்குள் போய்த் தொடர்வினையை அறுக்கும். மரம், துணி, காகிதத்தின் மேல் விழுந்தால் உருகிக் கண்ணாடி போன்ற படலமாக ஒட்டிக் காற்றை மறைக்கும். பெட்ரோல், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் ஆகும். குறை என்னவென்றால் அந்தப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். டிவி, கம்ப்யூட்டர் மேல் அடித்தால் தீயில் தப்பியது பவுடரில் போகும். அவை நிறைந்த அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு நல்லது.

அடிக்கும் முறை: தப்பிக்கும் வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று பின்னை இழுங்கள். கைப்பிடியை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தால் பின் சிக்கிக்கொண்டு வராது, பதற்றத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே அடியைப் பிடித்துக்கொண்டு இழுங்கள். குழாய் முனையைச் சுவாலையின் உச்சிக்கு அல்ல, அடிக்கு, எரியும் பொருள் மேல் குறிபார்த்து அழுத்தி, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே முன்னேறுங்கள். அணைந்ததும் முதுகைக் காட்டாமல் பின்னோக்கி வாருங்கள்.

மாதம் ஒருமுறை முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, பின்னின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உடம்பின் அழுத்தச் சோதனை 3 ஆண்டுக்கு ஒருமுறை, கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு 5 ஆண்டு. "வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்று ஒரு விநாடி அழுத்திப் பார்க்காதீர்கள். வால்வு இருக்கையில் பவுடர் துகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு முழுதாக மூடாது. நாலைந்து நாளில் அழுத்தம் மெல்ல வெளியேறி, முள் சிவப்புக்குப் போய்விடும். ஒருமுறை அழுத்திவிட்டால் மறு நிரப்பல்தான்.

மாட்டும் இடம் வாசல் பக்கம். சமையலறை மூலையில் வைக்காதீர்கள்.

சென்னையில் 'சி' என்று எழுதியிருந்தால் கேஸ் தீ என்கிறார்கள். இங்கே 'சி' என்றால் மின்சாரம். எது சரி?
— வாசகி, நியூ ஜெர்சி

இரண்டும் அந்தந்த ஊரில் சரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ திடப்பொருள், பி திரவம், சி வாயு, டி உலோகம். அமெரிக்காவில் பி-க்குள்ளேயே திரவமும் வாயுவும் அடங்கும், சி மின்சாரம், சமையல் எண்ணெய்க்குக் கே. ஐரோப்பாவில் அதே எண்ணெய்க்கு எஃப். ஊர் மாறினால் எழுத்தைவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

அலுவலக சர்வர் அறையில் கார்பன் டை ஆக்சைடு உருளை இருக்கிறது. அதில் முள்ளே இல்லை. பழுதா?
— வாசகர், கோவை

பழுது இல்லை. உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது, எனவே முள் வைத்தாலும் எதையும் சொல்லாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். நிரப்பியதில் 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுங்கள்.

வெளியே வரும்போது அது மைனஸ் 78 டிகிரி வரை குளிரும். கறுப்புக் கூம்பைக் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு சுட்ட புண் போலாகும், கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். சிறிய மூடிய அறையில் அடித்துவிட்டு உள்ளேயே நிற்காதீர்கள். தீக்குக் காற்றை மறுக்கும் வாயு உங்களுக்கும் மறுக்கும், காற்றில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே மயக்கம் வரும். வெட்டவெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், பெரிய பயன் இல்லை.

மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தால் மின் தீ என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டுமா? வீட்டில் சுவிட்ச் பெட்டி எரிந்தால்?
— வாசகர், ஓசூர்

சுவிட்ச் பெட்டியில் மெயினை அணைக்கும்வரை தண்ணீர் கூடாது, அதன் வழியாக மின்சாரம் உங்களிடம் வரும். மெயினை அணைத்த பின் அது வெறும் பிளாஸ்டிக் தீ. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி வேறு சாதி. ஒரு செல் உள்ளுக்குள் பழுதாகிச் சூடேறினால் அதன் வேதிப்பொருள்கள் சிதைந்து மேலும் சூட்டைத் தரும், அடுத்த செல்லையும் சுடும். எரியும் வாயுவும், ஓரளவு ஆக்சிஜனும் உள்ளிருந்தே வரும். அதனால் மூடினாலும், பவுடர் அடித்தாலும், கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் வெளிச் சுவாலை அடங்குமே தவிர உள்ளே வினை நிற்காது. சூட்டை இறக்கினால்தான் நிற்கும், அதற்குத் தண்ணீர்தான், அதுவும் ஏராளமாக, நீண்ட நேரம். ஒரு பக்கெட் போதாது. ஆகவே இது தீயணைப்பு வண்டிக்கான வேலை. சார்ஜர் இணைப்பில் இருந்தால், எட்ட முடிந்தால், அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு விலகுங்கள். வெள்ளையாகக் கொட்டும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு உண்டு, நுரையீரலைப் பதம்பார்க்கும். அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதுதான் எங்களுக்குக் கவலை. அடுக்குமாடியில் மாடிப்படிக்குக் கீழே போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் உள்ள எல்லோரும் தப்பிக்க இருக்கும் ஒரே வழி அது. போன், பவர் பேங்க் புகைந்தால் தயங்காமல் தண்ணீர் ஊற்றலாம். சார்ஜர் ஒயரில் இருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

வைக்கோல் போர் தானாகவே பற்றிக்கொண்டது என்கிறார்கள். யாரோ பீடி போட்டதை மறைக்கத்தானே இப்படிச் சொல்கிறார்கள்?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பீடியாகவும் இருக்கலாம். ஆனால் தானாகப் பற்றுவதும் உண்மைதான். அறுவடை நேரத்து மழையில் நனைந்த வைக்கோலைச் சரியாகக் காய வைக்காமல் போர் போட்டால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும்போது சூடு உண்டாகும். பெரிய போரின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 70 டிகிரியில் நுண்ணுயிர்கள் செத்துவிடும், ஆனால் அதற்குள் வைக்கோல் காற்றோடு நேரடியாக வினைபுரியத் தொடங்கியிருக்கும், சூடு மேலும் ஏறும். போர் போட்டு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இது நடப்பது வழக்கம்.

புளித்த, கருகிய வெல்லப்பாகு போன்ற வாசனை வந்தாலோ, காலையில் போரின் உச்சியில் ஆவி தெரிந்தாலோ இரும்புக் கம்பியை நடுவில் செருகி அரை மணி கழித்து உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு என்றால் போரை நீங்களாகப் பிரிக்காதீர்கள். உள்ளே காற்றுக்காகத்தான் காத்திருக்கிறது, பிரித்ததும் சுவாலை கிளம்பும். தீயணைப்பு வண்டி பக்கத்தில் நிற்கும்போது பிரிக்க வேண்டும். போர்மேல் ஏறவும் கூடாது, நடுவில் வெந்து குழியாகியிருந்தால் உள்ளே விழுவீர்கள்.

மர பாலிஷ் பட்டறைகளிலும் இதே விஷயம் வேறு உருவில் நடக்கும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் எண்ணெய் காய்வதாலேயே சூடேறிப் பற்றும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

புகை சூழ்ந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டால் போதுமா?
— வாசகி, தாம்பரம்

கரித்துகளையும் கொஞ்சம் எரிச்சலையும் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. தீ விபத்துகளில் பலரைச் சாய்ப்பது அந்த வாசனையற்ற வாயுதான். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். ஈரத்துணியை நம்பிப் புகைக்குள் நுழைந்து யாரையும் தேடாதீர்கள். தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள், நல்ல காற்று கடைசிவரை கீழேதான் மிஞ்சும்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தீயா என்று அறியப் புறங்கையால் கதவின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து (இங்கேதான் ஈரத்துணிக்கு உண்மையான வேலை) ஜன்னலில் நின்று கூப்பிடுங்கள். வெளியேறும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டே வாருங்கள். சாதாரண மரக்கதவுகூட மாடிப்படிக்குள் புகை நுழைவதைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தும். லிஃப்ட் கூடாது.

புடவையில் தீப்பிடித்தால்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேலம்

ஓடக் கூடாது. நிற்கும்வரை சுவாலை மேல்நோக்கி முகத்துக்கும் தலைமுடிக்கும் ஏறும், ஓடினால் காற்று வேறு. அந்த இடத்திலேயே கீழே விழுந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ கனத்த பருத்திப் போர்வையோ போர்த்தலாம், நைலான் கூடாது. தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள், இங்கே தண்ணீர் சரியான மருந்து.

அணைந்ததும் வளையல், மோதிரம், மெட்டி, கொலுசை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண்ணின் மேல் ஓடவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றிலும் வெட்டிவிடுங்கள். ஐஸ், பற்பசை, பேனா மை, இட்லி மாவு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும் வலியும் சேர்ந்துகொள்ளும். சுத்தமான துணியால் மூடி 108ஐ அழையுங்கள்.

கம்பி மத்தாப்பை மணலில் குத்தினாலும் ஏன் எரிந்துகொண்டே இருக்கிறது?
— ஆறாம் வகுப்பு மாணவி, சிவகாசி

அதன் மருந்துக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, நைட்ரேட் உப்பின் வடிவில். வெளிக்காற்றை அடைத்தால் அதற்குக் கவலையே இல்லை. எரிந்து முடிந்த கம்பியை ஒரு பக்கெட் தண்ணீரில் போடுவதுதான் வழி, இல்லாவிட்டால் வெறுங்காலோடு யாராவது மிதிப்பார்கள். ஆனால் உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இருக்கும் அலுமினியப் பொடிக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டாலே மருந்துக் கலவை உள்ளுக்குள் சூடேறும். எரியும் உலோகப் பொடி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துத் தீயை வளர்க்கும். அதற்குக் காய்ந்த மணல்.

மலையில் தீ ஏன் மேல்நோக்கி அவ்வளவு வேகமாக ஓடுகிறது? காட்டுத்தீக்கு எதிராகத் தீ வைப்பது எப்படி வேலை செய்கிறது?
— மலையேற்ற ஆர்வலர், தேனி

சரிவில் சுவாலை மேலே இருக்கும் புல்லின் மீதே சாய்ந்து நிற்கும், சூடான காற்றும் அதே பக்கம் எழும். அந்தப் புல் தீ வருமுன்பே காய்ந்து ஆவி விடத் தொடங்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வனத்துறையினரின் பொதுக் கணக்கு. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறிகள் சிக்கியதும் காய்ந்த புல் சரிவில்தான். தீ கீழே இருந்தால் மேல்நோக்கி ஓடிப் பந்தயம் கட்ட முடியாது. பக்கவாட்டில் விலகிப் பாறைத் திட்டுக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைக்கோ போக வேண்டும். குறுகிய ஓடைப் பள்ளம் புகைபோக்கி போலச் சூட்டை இழுக்கும், அங்கே ஒதுங்காதீர்கள்.

எதிர்த்தீ என்பது எரிபொருளை நிறுத்தும் வழி. வெட்டிச் சுத்தம் செய்த தீத்தடுப்புக் கோட்டிலிருந்து, வரும் தீயை நோக்கி எரிய வைப்பார்கள். இரண்டும் சந்திக்கும்போது நடுவில் எரிய ஒன்றும் இருக்காது. காற்றின் திசை தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, சுற்றுலா போனவர்கள் செய்வது அல்ல. பச்சை இலைக் கொம்பால் அடிப்பவர்களும் ஓங்கி ஓங்கி அடிக்கக் கூடாது, பொறி பறந்து பின்னால் பற்றும். தீயின் மேல் வைத்து அழுத்தி இழுக்க வேண்டும்.

பெட்ரோல் பங்கில் தொங்கும் சிவப்பு வாளியின் அடி ஏன் உருண்டையாக இருக்கிறது?
— வாசகர், நாகர்கோவில்

தரையில் நிற்காத வாளியை யாரும் குளிக்கவோ தரை கழுவவோ எடுத்துப் போகமாட்டார்கள் என்பதால். உள்ளே இருக்கும் மணல் சலித்து உலர்ந்ததாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து கட்டியான மணலை வீசினால் பொத்தென்று ஒரே இடத்தில் விழும், சிந்திய பெட்ரோலின் மேல் பரவாது. அடுத்த முறை பங்கில் காத்திருக்கும்போது வாளிக்குள் கையைவிட்டுப் பாருங்கள். பல இடங்களில் பாதி மணலும் மீதி டீ கப்பும் இருக்கும்.